நிப்பிளின் ஓட்டை

ஜெனிலா,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். நேற்றைய குழம்பைச் சூடு பண்ணிக்கொள். ராத்திரி நீ சாப்பிடவே இல்லை. செத்துப்போன சின்னக் குட்டியை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டேன், நீ போர்த்தியிருந்த ஷாலோடு. தாய் ஆடு அங்கேயே மோந்துகொண்டு நின்றால் அதட்டாதே. மற்ற இரண்டு குட்டிக்கும் மடிப்பால் போதும்.

நேற்றுச் சாயங்காலம், "ஏட்டி, பாட்டில்ல பால் குடுக்கக்கூடத் தெரியாதா? மூச்சுல ஏத்திக் கொன்னுட்டியே" என்று பக்கத்து வீடு வரை கேட்கக் கத்தினேன். நீ உன் ஷாலை எடுத்துக் குட்டியைப் போர்த்தினாய்.

இப்போதுதான் பாட்டிலைக் கழுவினேன். கவிழ்த்தால் தண்ணீர் சொட்டவில்லை, கொட்டுகிறது. நேற்றுக் காலையில் ராஜபாளையம் மில் வேன் ஹாரன் அடித்தபோது, குட்டி மெதுவாகக் குடிக்கிறதே என்று ஊசியைச் சுட்டு அந்த நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கியது நான்தான். உன்னிடம் சொல்லாமலே வேனில் ஏறிவிட்டேன்.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் டூட்டி முடிந்து வந்ததும் இந்தச் சீட்டைக் காட்டு. போனில் அவரிடமும் உன்னைத்தான் குற்றம் சொன்னேன்.

அம்மா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். எழுப்பிச் சொல்லத்தான் வந்தேன். கன்னத்தில் கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். அந்தக் கையில் இன்னும் பால் வாடை அடித்தது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.