நீ வெட்டவேண்டிய முடி

என் விலாங்கு மீனே,

இன்றைக்கும் சந்தையில் நம் மாங்காய்க் கடைக்கு ஒரு சுற்றுலாக்காரி வந்தாள். உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, சுட்ட பன்றி போலச் சிவந்திருந்தாள். நம் மகன் கவேங்காவின் பின்னல்களில் ஒன்றைத் தொட்டு, "அடடா, என்ன அழகான பொண்ணு!" என்றாள். இவன் சும்மா இருப்பானா? கால்சட்டையை இறக்கி, "பொண்ணா? நல்லாப் பாரு!" என்றான். இளநீர்க்காரி வரைக்கும் சிரித்தாள்.

அந்த மூஞ்சிக்கு வெட்கமில்லை. "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா இவ்வளவு முடி? அவங்கப்பா ஒண்ணும் சொல்றதில்லையா?" என்று எனக்குப் புத்தி சொன்னாள். பிறந்ததிலிருந்து கத்தரி படாமல் வளர்த்து, ஊரைக் கூட்டி வெட்டுகிற முடி இது. நம் ரரோடோங்கா தீவில் நேற்றுக் கால் வைத்தவளுக்கு என்ன தெரியும்? "மாங்காய் வாங்கினியா, நடையைக் கட்டு" என்றேன்.

உன் படகு மட்டும் கரைக்குத் திரும்பிய பிறகு, முடி வெட்டுவதைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். "இனிமே முடியாது அண்ணி" என்கிறாள் உன் தங்கை. வருகிற வாரம் விருந்து. "முதல் பின்னலை நான்தான் வெட்டுவேன், வேறு எவனும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தானே கடலுக்குப் போனாய். கத்தரிக்கோலை நான் யார் கையில் கொடுக்க?

உன் பெண்டாட்டி