கசடென்று எழுதிய புள்ளிகள்

1968 ஜனவரி 30, கலேவெல

காலையில் நான் இரத்தம் பரிசோதிக்கும் அறைக்கு ஸக்கரியா வந்தார். "காச்சல்னு ரத்தம் குடுத்தோமே, மலேரியா இல்லன்னு சீட்டுத் தந்தீங்க. புள்ள நேத்து மவுத்தாப் போச்சு தம்பி." மகளைப் பறிகொடுத்தவர் திட்டவில்லை. அது இன்னும் கொடுமை.

அவர் போனதும் அவர் மகள் ஸுலைஹாவின் இரத்தம் பூசிய கண்ணாடித் தகட்டைத் தேடியெடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். சாயக் கசடென்று நான் தள்ளிய ஊதாப் புள்ளிகள் கசடல்ல. மலேரியாக் கிருமி. ஐந்து வருடமாக மாவட்டத்தில் யாருமே கிருமியைக் காணவில்லை. அதற்காகக் கண் மறந்துவிடுமா? ஏழு வயது. யா அல்லாஹ்.

பெப்ரவரி 1

தகட்டை உடைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

பெப்ரவரி 3

மாத்தளையில் மாதக் கூட்டம். இரத்தம் பார்க்கிற நாங்கள் ஐந்து பேரும் போயிருந்தோம். பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லத்தான் கூட்டம். பேசியதோ சாயப் போத்தல் வராததைப் பற்றி. தேநீர் குடிக்கும்போது நாவுல ஊரில் இரத்தம் பார்க்கிற சிவலிங்கம் தாளில் வரைந்து காட்டினான்.

"இந்த மாதிரிப் புள்ளி நெறைய வருது பலீல். கசடுதானே?"

அதே புள்ளிகள். வேலை போய்விடும், மனைவி றமீஸா வேறு மாசமாயிருக்கிறாள் — "கசடாத்தான் இருக்கும்" என்றேன்.

நானா அப்படிச் சொன்னேன்?

பெப்ரவரி 12

நாவுலயில் ஒரு தாயும் மகனும் காய்ச்சலில் இறந்துவிட்டார்களாம். றமீஸாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "மொதல்ல பஸ்ஸப் புடிங்க. அழுறத அங்க போய் அழுங்க" என்றாள்.

பெப்ரவரி 15, நாவுல

முந்தாநாள் வந்ததும் ஸுலைஹாவின் தகட்டைச் சிவலிங்கத்திடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, "அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

அடிப்பானென்று நின்றேன். அலுமாரியைத் திறந்து, 'இல்லை' என்று எழுதிய தகடுகளையெல்லாம் மேசையில் அடுக்கினான். "உக்காரு. பாரு."

மூன்று நாள். பத்தொன்பது பேருக்குக் கிருமி. மாத்திரையோடு ஆள் போனது. ஒரு வீட்டுக்கு மட்டும் பிந்திவிட்டது.

மார்ச் 2

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சிவலிங்கத்திடம் சொன்ன பொய்யையும். தகடு கைமாறிச் சுற்றி வந்தது. மேலதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார்.

மார்ச் 15

வேலையிலிருந்து இடைநிறுத்திக் கடிதம். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மாலை பஸ்ஸில், எங்கள் ஐந்து பேரில் ஒருவரான வில்கமுவ பதுர்தீன் ஒரு பொதி அனுப்பியிருந்தார். பஞ்சில் சுற்றிய நாலு தகடுகள், ஒரு துண்டுக் காகிதம்: "நானும் கசடுன்னுதான் எழுதினேன். கூட்டத்துல சொல்ல தைரியம் வரல்ல. பாத்துச் சொல்லுங்க."

என்னிடம் நுணுக்குக்காட்டி இல்லை. விடிந்ததும் நாவுலவுக்குப் போகிறேன். சிவலிங்கம் உட்கார விடுவான் என்று நினைக்கிறேன்.