'போ' என்று சொன்னபோது நினைத்தது

டமாஸ்கஸ், ரஜப் 12, ஹிஜ்ரி 671

அன்பு மனைவி ஷுஹ்தாவுக்கு ஸலாம்.

முன்பொரு நாள் என்னைக் கேட்டாயே: "நெஞ்சுக்குள்ள இருக்கற எண்ணத்தப் போய் நிய்யத்து, நிய்யத்துன்னு நாப்பது வருஷமா பாடம் நடத்துறீங்க. அத எந்தக் காஜி எட்டிப் பாத்தாரு?" அன்று சிரித்தேன்.

பழைய மாணவர்கள் வந்திருந்தபோது ஒரு சட்ட வரி எனக்கு மறந்துபோனது. திரைக்குப் பின்னாலிருந்து நீ எடுத்துக் கொடுத்தாய். சரியான வரிதான். அவர்கள் சிரித்துவிட்டார்கள். உள்ளே வந்து, "போ! ஒன் அண்ணன் வீட்டுக்கே போ!" என்று கத்தினேன். போயே விட்டாய்.

கூரையெல்லாம் பனி. அடுப்பு மூட்டத் தெரியாமல் வீட்டைப் புகையாக்குகிறேன். வா.

இமாத்

ஹமா, ஷஅபான் 3

கணவருக்கு. அப்படி எழுதலாமா என்பதைத்தான் கேட்கிறேன்.

அண்ணன் இங்குள்ள காஜியிடம் விசாரித்தார். "அந்த வார்த்தைய மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கோவத்துல வெரட்டுனாரா, தலாக்குன்னே நெனச்சாரா? அவரு வாயாலதான் வரணும்" என்றார். நினைத்திருந்தால், நீங்கள் 'போ' என்ற ரஜப் முதல் நாளிலிருந்து என் வயதுக்கு மூன்று மாதம் இத்தா, காத்திருப்புக் காலம். அதற்குள் 'மீட்டுக்கொண்டேன்' என்று உங்கள் ஒரு சொல் போதுமாம்; தாண்டினால் உறவு முறிந்ததாம். நினைக்கவில்லையென்றால் இன்றே புறப்படுகிறேன்.

அண்ணி கேலி செய்கிறாள்: "ஊரு மனசெல்லாம் அளந்த மனுசனுக்குத் தன் மனசு தெரியலையாக்கும்!"

எடுத்துக்காட்டு வேண்டாம். ஆமாவா, இல்லையா?

ஷுஹ்தா

டமாஸ்கஸ், ஷஅபான் 21

ஷுஹ்தா,

வேலை மும்முரத்தில் ஒருவன் பகலெல்லாம் சாப்பிட மறந்தான். அது நோன்பா? எண்ணம் இல்லையே, வெறும் பட்டினிதான். வாயில் வந்ததையெல்லாம் மனம் சொன்னதென்று கொள்ளலாமா? யோசித்துப் பார். இருமல் விடவில்லை. உன் கம்பளிச் சால்வையை அனுப்பியிருக்கிறேன்.

இமாத்

ஹமா, ரமலான் 10

சால்வை கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை. ஷவ்வால் பிறையோடு மூன்று மாதம் முடிகிறது; அது தெரியும்வரை காத்திருப்பேன்.

ஷுஹ்தா

டமாஸ்கஸ், ஷவ்வால் 4

ஷுஹ்தா அவர்களுக்கு,

ஆமாம். அந்த ஒரு மூச்சு நேரம், தலாக் என்றேதான் நினைத்தேன். நீ செருப்பைத் தேடிக் குனிந்தபோதே அந்த நினைப்பு போய்விட்டது.

'இல்லை' என்று எழுதியிருந்தால் எந்தக் காஜியும் நம்பியிருப்பார். அந்தப் பொய்யோடு உன் கையால் சாப்பிட முடியாது. 'ஆமாம், மீட்டுக்கொண்டேன்' என்று எழுதியிருக்கலாம். அந்த 'ஆமாம்' உன் கண்ணில் படுவதற்கு வெட்கப்பட்டே நாளைக் கடத்தினேன். கெடு முடிந்தது. இப்போது நான் உனக்கு யாருமில்லை.

புதிதாக நிக்காஹ் கேட்டு உன் அண்ணனுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். கிழவன் இருமுகிறானே என்று பாவம் பார்க்காதே. பதில் சொல்லுமுன், கதவைச் சாத்திக்கொண்டு, 'எதுக்கு?' என்று உன்னையே ஒருமுறை கேட்டுப் பார்.

இமாத்