கடலுக்கடியில் உழவு சால்

அன்புள்ள அப்பாவுக்கு,

புர்கி எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

நம் பவேரியாவின் எல்லையில் மலை நிற்கிறது; அது நகராது. இந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்துக்கு எல்லை கடல். தினமும் இரண்டு தடவை விலகிப் போய்த் திரும்பி வருகிறது. அது விலகியிருக்கும்போது நான் இருக்கும் தீவிலிருந்து பக்கத்துத் தீவுக்குச் சேற்றில் நடந்தே போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நானும், நான் வேலை செய்யும் மாட்டுப்பண்ணையின் சொந்தக்காரி கெய்கேயும் அப்படிப் போனோம்.

நடுவழியில் சேற்றுக்குள் வரிவரியாகத் தெரிந்தது. உழவு சால், அப்பா. அறுநூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரே புயலில் கடல் விழுங்கிய வயலாம். நான் அதன் மேலேயே நடந்தேன்.

"ஏய் மலைக்காரி, ஓரமா வா. அடுத்தவங்க வயலை மிதிக்கலாமா?" என்றாள் கெய்கே.

"யாரு வயல்? மீனோடதா?"

"எங்காளுங்க வயல்டி. உழுதுட்டு வீட்டுக்குப் போனாங்க. இன்னும் விதைக்க வரல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன். உழுதவர் கை எங்கே லேசாக வளைந்தது என்பதுகூடத் தெரிந்தது.

"பாத்தது போதும் வா. தண்ணி உன்னையும் சேத்து உழுதுடும்" என்று கெய்கே இழுத்துக்கொண்டு ஓடினாள். முழங்கால்வரைதான் நனைந்தேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். அம்மா புகைபோட்ட இறைச்சியும் கொஞ்சம். பெரிய துண்டாக வேண்டாம், சாப்பிட நான் ஒருத்திதான்.

தபால் படகு கிளம்புகிறது. நம் கீழ்வயலை உழும்போது ஒரு சால் மட்டும் அழியாதபடி கொஞ்சம் ஆழமாக ஓட்டுங்கள், அப்பா.

உங்கள் புர்கி