தலைக்கவசத்தில் இரண்டு தட்டு

அக்டோபர் 12, சனி

இல்லை, நான் அழவில்லை. மைதானமே எழுந்து நின்று என் தம்பியைத் திட்டியபோது உட்கார்ந்தே இருந்தேன், அவ்வளவுதான்.

கடைசி நிமிடம். எங்கள் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி நான்கு புள்ளி முன்னால். எதிரணி ஆள் ஓரக்கோட்டை ஒட்டி ஓடினான். பந்து வெகு உயரம் போய், அவன் தோளுக்கு மேல் இறங்கி, கைக்குள் உட்கார்ந்தது. ஆறு புள்ளி, ஆட்டம் அவர்களுக்கு. அவனுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் என் தம்பி கார்பின், புல்லில் குப்புற. பெரிய திரையில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

முன்வரிசை ரோல்ஃப் அங்கிள் திரும்பிப் பார்த்தார். டிராக்டர் விற்பவர். கார்பின் அப்பாவின் மடியில் இருந்து ஆட்டம் பார்த்த காலத்திலிருந்து அந்த இருக்கை அவருடையது.

"நம்ம பையன்தான், இல்லேங்கல. ஆனா வாசக்கதவத் தொறந்து வச்சுட்டுத் தூங்கினா திருடன் வேறென்னம்மா பண்ணுவான்?"

கார்பின் இடத்தில் முதலாண்டுப் பையன் ஒமாரியை முழு ஆட்டமும் இறக்க வேண்டுமாம். அவர் மனைவி கார்லீன் விடவில்லை. போன வசந்தத்தில் பள்ளி முடிக்கும் நடன விருந்துக்குக் கோட்டு வாடகைக்கு எடுத்தவன் அவன், அவனிடமா வீட்டுச் சாவி?

"அவன் காலப் பாருடி. மானே ஒதுங்கி வழி விடும்."

அப்பா தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

நான் பார்த்தது வேறு. பந்து எழும்புவதற்கு முன், எல்லாருக்கும் பின்னால் தனியாக நின்ற கார்பின் தன் தலைக்கவசத்தை இரண்டு முறை தட்டினான். ஓரத்தில் நின்ற ஒமாரிக்கு: பின்னாலேயே இரு. ஒமாரி பார்க்கவில்லை. முன்னால் ஓடினான்.

திரையில் விழுந்தவன் மட்டும்தான் தெரிகிறான்.

அக்டோபர் 13, ஞாயிறு

மதியம் கார்பின் வந்தான். வழக்கம்போல் கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பு, தொட்டுக்க இலவங்கப்பட்டை ரோல். கேட்டுவிட்டேன்: அந்தப் பந்தைப் பிடித்தவன் ஒமாரி காக்க வேண்டிய ஆள்தானே?

ரோலைப் பிய்த்து சில்லியில் தோய்த்தான்.

"எனக்குப் பின்னாடி யாருமே இல்லக்கா. அதுக்குத்தான் என்னை அங்க நிறுத்தியிருக்கு. யார் விட்டாலும் நான் விட்டதுதான்."

ரேடியோவில் ரசிகர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது வருஷமா ஆடுறானாம், இன்னும் கத்துக்கலையாம். ஸ்காலர்ஷிப்பை அந்தச் சின்னப் பையனுக்கே டபுளா குடுங்க என்றார் ஒருவர். சிரிப்பு. அப்பா எழுந்து போனை எடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த நிகழ்ச்சிக்குப் பேசாத வாரம் குறைவு. குரலைக் கேட்டாலே ஊருக்குத் தெரியும்.

"வேணாம்ப்பா," என்றான் கார்பின்.

"உண்மையத்தானடா சொல்லப் போறேன்."

"ஒமாரி அம்மா ஜார்ஜியாலருந்து இத போன்ல கேப்பாங்க. ஊர்க்காரங்களும் அவன ஒரு வாரம் விடமாட்டாங்க."

அப்பா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போய்க் கோப்பைகளைக் கழுவினார்.

என் தம்பி. சின்ன வயதில் உருளைக்கிழங்கு வறுவலுக்காக என்னைக் கடித்தவன். இவன் எப்போது இப்படி ஆனான்? நான் எங்கே இருந்தேன்?

அக்டோபர் 15

என் முதுகலை வகுப்பில் பின்னால் யாரோ அவன் பெயரைச் சொன்னார்கள். திரும்பவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

எடுத்துவிட்டார்கள்.

இனி கார்பினின் இடத்தில் ஒமாரி. கோச் அந்த ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினாராம். தப்பு ஒமாரியுடையது என்று அவரே சொன்னாராம். பிறகு சொன்னாராம்: "நீ சரியா கணிச்ச. ஆனா போய்ச் சேரல. அவன் அங்க நின்னிருந்தா சேந்திருப்பான்."

— அப்படியென்றால் ரோல்ஃப் சொன்னது சரி. ஒன்றையும் பார்க்காமல், ஒன்றும் தெரியாமல், சரி. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நீ சண்டை போட்டிருக்கலாமேடா, போனில் கேட்டேன்.

"நான் கோச்சா இருந்தாலும் அவனத்தான் போட்டிருப்பேன். அக்கா, நீ அவன் ஓடறதப் பாத்ததில்ல. கிட்டப் போய்ப் பாரு."

நவம்பர் 6

போய்ப் பார்த்தேன். பயிற்சித் திடல், கம்பிவேலிக்கு வெளியே. உறைபனி.

எல்லாரும் போனபின் இரண்டு பேர் மட்டும். ஒமாரி குளிரில் தோளைச் சுருக்கி, குதித்துக்கொண்டே, இந்த ஊரில் மனுஷங்க எதுக்குக் குடியேறினாங்க என்று கேட்டான். முதலில் வந்தவர்களின் மாட்டுவண்டி இங்கே உடைந்துபோயிருக்கும் என்றான் கார்பின்.

பிறகு ஒமாரி ஓடினான்.

எப்படி எழுத? குதிகால் தரையில் பட்டதாகவே தெரியவில்லை. வேகம் என்றும் தோன்றவில்லை. அவன் சும்மா இருக்க, திடல் அவனுக்கடியில் பின்னால் நழுவியதுபோல. நான் வேலிக்கம்பியைப் பிடித்திருந்தேன். அது கை சுடும் குளிர் என்பதே பிறகுதான் உறைத்தது.

அவனுக்குப் பின்னால் கார்பின், நிழல் மாதிரி. நிறுத்துவான். தோளைப் பிடித்து ஓரடி நகர்த்துவான். மறுபடி. மறுபடி. தனக்குத் தெரிந்ததையெல்லாம், தன் இடத்தை எடுத்துக்கொண்டவன் உடம்புக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

பொறாமையே இல்லையா? இருந்தது. ஒமாரி போனபின் கார்பின் வெகுநேரம் தனியாக ஓடினான். ஒவ்வொரு முறையும் முடித்ததும் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

நான் கூப்பிடவில்லை.

நவம்பர் 23, சனி

இறுதியாண்டு மாணவர்களை வழியனுப்பும் ஆட்டம். பெயர் சொல்லி அழைக்க, அப்பா மைதான நடுவில் நின்று கார்பினைக் கட்டிக்கொண்டார். கைதட்டல் மரியாதைக்கு இருந்தது. பிறகு கார்பின் ஓரக்கோட்டுக்குப் போய் நின்றான். ஆட்டம் முழுக்க அங்கேயேதான்.

கடைசி நிமிடங்கள். நாங்கள் மூன்று புள்ளி முன்னால். எதிரணி ஆள் ஓரமாக நின்றான். அதே இடம், அதே ஆட்டம்.

எல்லாருக்கும் பின்னால் தனியாக ஒமாரி. கையை உயர்த்தினான். தலைக்கவசத்தில் இரண்டு தட்டு.

ஓரக்கோட்டைப் பார்த்தேன். கார்பின் கை அசையவே இல்லை. அவசியமிருக்கவில்லை.

ஓரத்தில் நின்ற பையன் அதைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினான். பந்து எழுந்தது. ஒமாரி நடுவிலிருந்து கிளம்பினான் — அவ்வளவு தூரம், யாரும் சேர முடியாத தூரம் — எண்பதாயிரம் பேர் மூச்சை உள்ளே இழுத்தார்கள், அந்தச் சத்தத்தை நான் கேட்டேன் — சேர்ந்தான். பந்து அவன் கையில், ஆட்டம் எங்களுக்கு.

எழுந்ததும் அவன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நேராக ஓரக்கோட்டுக்கு ஓடி, பந்தைக் கார்பின் நெஞ்சில் வைத்து அழுத்தினான். கார்பின் அவன் தலைக்கவசத்தில் தன் நெற்றியை முட்டினான்.

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ரோல்ஃப் அங்கிள் திரும்பினார். முகமெல்லாம் சிவப்பு. உள்ளங்கையை உயர்த்தி நீட்டினார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல!"

சொன்னீங்க அங்கிள், என்றேன். என் கையை உயர்த்தி அவர் கையில் தட்டினேன்.