மழைக்கு ஒதுங்கிய படம்

மகளுக்கு,

அம்மா நச்சரித்ததால் எழுதுகிறேன். சினிமாவில் ஆடப் போனவளுக்கு வீட்டில் இடமில்லை என்று நான் சொன்னதில் மாற்றமில்லை.

நேற்று சிம்மக்கல் போனபோது மழை. ஒதுங்கிய தியேட்டரில் நீ ஆடிய படம் ஓடியது. நாட்டியம் பழகும் பிள்ளைகளின் கதை. திரையில் ஆடுபவர்களின் மூன்றாம் வரிசையில் நீ வந்ததும் யாரோ காகிதத்தைக் கிழித்து வாரி இறைத்தார்கள். நான் எழுந்துவிட்டேன் போல.

"உக்காருய்யா, மறைக்குதுல்ல!" என்று பின்னாலிருந்தவன் கத்தினான்.

"எம் மகடா!" என்றேன். கொட்டகையே எழுந்து விசிலடித்தது.

இன்று என் சட்டையை உதறிய அம்மா, "பையெல்லாம் கிழிச்ச காலண்டர்த் தாளு! மழைக்குத்தானே ஒதுங்குனீக?" என்று சிரிக்கிறாள்.

நம் காலண்டரில் இப்போதே தீபாவளித் தாள்தான் மேலே இருக்கிறது. நீ வரும்வரை அதைக் கிழிக்க மாட்டேன்.

உன் அப்பா