கோட்டாவில் இல்லாத ஒன்பது மாடுகள்

மார்ச் 29, சனி

இன்று இருநூறு லிட்டர் பாலைக் கழிவுக் குழியில் திறந்துவிட்டோம்.

இந்த மாதம் நான்கு மாடுகள் ஒன்றாகக் கன்று போட்டுவிட்டன. எங்களுக்கு ஒதுக்கிய மாதக் கோட்டா நேற்று முன்தினமே முடிந்துவிட்டது. டேங்கர்காரர் குழாயைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு மட்டும் ஆசையாக்கா? அளவுக்கு மேல ஒரு லிட்டர் ஏத்தினாலும் மெஷின் காட்டிக் குடுத்துரும்" என்றார். பாவம், அவர் என்ன செய்வார்.

என் வீட்டுக்காரர் வால்வைத் திறந்துவிட்டு அங்கே நிற்காமல் போய்விட்டார். நான்தான் நின்றேன். குழி வெளுத்துக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் காலி கேன்களோடு வண்டியில் வந்து இறங்கினாள். "கொட்டுற பாலை எனக்குக் குடுத்தா என்ன அண்ணி? சீஸ் போட்டுருவேன்ல." கொடுக்க முடியாது. கோட்டாவுக்கு மேற்பட்ட பாலை விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. நான் வேறு பால் வாரியத்தின் வட்டாரக் குழுவில் இருக்கிறேன். "சட்டம் அப்படிம்மா" என்றேன். கேன்களைத் திருப்பி ஏற்றினாள். கேன்கள் இடித்துக்கொண்ட சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

அவளிடம் ஒன்பது மாடுகள். கோட்டா ஒரு சொட்டும் கிடையாது. அனுமதி இல்லாமல் சீஸ் செய்து கடைகளுக்குப் போடுகிறாள். இது எனக்கும் தெரியும், அவள் அண்ணனுக்கும் தெரியும், இந்தச் சாலையில் இருக்கிற எல்லாப் பண்ணைக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஏப்ரல் 4

வாரியத் தலைவர் போன் செய்தார். வர்த்தக ஒப்பந்தம் உறுதியாகிவிடும் போலிருக்கிறதாம்; வெளிநாட்டுப் பாலுக்கும் சீஸுக்கும் கதவைத் திறந்துவிடப் போகிறார்களாம். இருபத்துநான்காம் தேதி பொதுக் கருத்துக் கேட்பு. "நான் பேசினா வாரியம் பேசுதும்பாங்க. நீங்க பேசினா மாடு வெச்சிருக்கிற அம்மா பேசுறாங்கன்னு கேப்பாங்க."

சரி என்றேன். உடனே சரி என்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 9

பேச்சு எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஏற்பாட்டை நான்கு வரியில் சொல்லலாம். நாட்டுக்கு எவ்வளவு பால் வேண்டுமோ அவ்வளவுதான் கறப்போம். அதை எல்லாப் பண்ணைக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் கோட்டா. விலையை வாரியம் வைக்கும். வெளியிலிருந்து மலிவாகக் கொண்டுவந்து கொட்ட விடமாட்டார்கள்.

இது வருவதற்கு முன்பு எப்படி இருந்தது என்பதை என் அப்பாவிடம் பார்த்தவள் நான். எனக்குப் பதினோரு வயது. ஒரு வருடம் கப்பல் கப்பலாகப் பால் பவுடர் வந்து இறங்கியது. ஆலைக்காரர்கள் எங்கள் பாலை வாங்கவில்லை. மாடுகளை லாரியில் ஏற்றும்போது அப்பா ஒவ்வொன்றின் கயிற்றையும் தானே அவிழ்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். அந்தக் காக்கிச் சட்டை அவருக்குப் பொருந்தவே இல்லை.

இதை எழுதினேன். இது போதும்.

ஏப்ரல் 13

பேசுகிறவர்கள் பட்டியல் வந்துவிட்டது. பதினொன்று, நான். பன்னிரண்டு, நாத்தனார். எதிர்த்தரப்பு.

ஏப்ரல் 14, திங்கள்

சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன், "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சொன்னா."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"உன்கிட்ட பேசாதேன்னு சொன்னேனா? அவகிட்ட மட்டும் எப்படிச் சொல்றது?" அதோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு பக்கமும் நியாயமாக இருக்கிறாராம். நியாயமாக இருப்பவரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு எரிச்சல்.

ஏப்ரல் 24, வியாழன்

என்ன செய்துவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். அரங்கம் நிறைந்திருந்தது. நான் நன்றாகத்தான் பேசினேன். அப்பாவின் மாடுகளைச் சொன்னபோது ஒரு சத்தம் இல்லை. முன் வரிசையில் தலைவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து அவள். கையில் தாள்கூட இல்லை. "கதவைத் திறந்தா அழிஞ்சுருவோம்ங்கிறாங்க. உள்ள இருக்கிறவங்களுக்குப் பயம் வரும், நான் ஒத்துக்கிறேன். ஆனா நான் இந்த நாட்டுக்குள்ளேயே இன்னும் உள்ள வர முடியலையே. கோட்டா வெச்சிருக்கிறவங்க பாலைக் குழியில கொட்டுறாங்க, கோட்டா இல்லாதவ பக்கத்துல காலி கேனோட நிக்கிறா. போன மாசம் நடந்துச்சு. எங்க பண்ணைன்னு சொல்ல மாட்டேன்."

அவள் சொல்லவில்லைதான். ஆனால் தெரிந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். யாரோ சிரித்தார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது. பதில் சொல்ல ஒரு நிமிடம் தந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்—

"அஞ்சு வருஷமா அனுமதியே இல்லாம பால் கறந்து சீஸ் விக்கிறவங்க எனக்கு நியாயம் சொல்ல வேண்டாம்."

மைக்கில் சொன்னேன். வாரிய அதிகாரிகள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுதிக்கொண்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வரும்போது தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூக்கை உடைச்சிட்டீங்கம்மா."

ஏப்ரல் 29

நேற்று நாத்தனாரின் சீஸ் அறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். ஒன்பது மாடுகளையும் அறுபது நாளுக்குள் விற்க வேண்டும், அல்லது கறவையை நிறுத்த வேண்டும்.

இவர் அங்கே போய்விட்டு வந்து வாசலிலேயே நின்றார். "வீட்டுல வெச்சு நீ அவளை என்ன வேணா திட்டியிருக்கலாம். நான் ஏன்னு கேட்டிருப்பேனா?" அவ்வளவுதான். காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. கறவை நேரத்தில் நான் இந்தப் பக்கம் என்றால் அவர் அந்தப் பக்கம்.

மே 6, செவ்வாய்

மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. தோளுக்குப் பின்னால் சீல் வைத்த அறை தெரிந்தது; அலமாரியில் எத்தனை வட்டக் கட்டி சீஸ் வைத்திருந்தாளோ, புழு வைத்துக்கொண்டிருக்கும்.

"வாய் தவறி வந்துடுச்சும்மா."

"வாய் தவறி வரல. மனசுல இருந்துச்சு, வந்துச்சு." பிறகு, "கறவைக்கு நேரமாச்சு. நீங்க கிளம்புங்க."

வழியெல்லாம் அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உண்மைதானே. ஐந்து வருடமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம், நாம் ஒழுங்காகக் கோட்டாவுக்குள் அடங்கி இருக்கிறோமே என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது.

ஜூன் 14

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. பத்தில் ஒரு பங்கு சந்தை வெளிநாட்டுக்கு. அந்த அளவுக்கு எங்கள் எல்லோருடைய கோட்டாவும் குறையும். அப்புறம் எதற்குப் பேசினேன். எதற்கு அந்த ஒரு நிமிடம்.

ஜூன் 18, புதன்

குழுக் கூட்டம். இருக்கிறவர்களுக்கே குறைகிறது என்பதால் புதியவர்கள் பட்டியலை ரத்து செய்ய வேண்டுமாம். கோட்டா கேட்டு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களின் பட்டியல் அது. கோப்பு கை மாறி மாறி என்னிடம் வந்தது. சும்மாதான் புரட்டினேன்.

நான்காவது பெயர் நாத்தனாருடையது. விண்ணப்பித்து ஏழு வருடம் ஆகிறது.

அடுத்தடுத்த பக்கங்களில் ஒவ்வொரு வருடமும் ஒரே தீர்மானம்: "இவ்வாண்டு புதிய ஒதுக்கீடு இல்லை." கீழே உறுப்பினர்களின் கையெழுத்து. நான் குழுவுக்கு வந்து ஐந்து வருடம். ஐந்திலும் என் கையெழுத்து இருக்கிறது. படிக்காமல் போட்டவை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது தாளை நீட்டுவார்கள், போடுவோம்.

அவள் ஐந்து வருடமாகத்தான் அனுமதியில்லாமல் விற்கிறாள். இரண்டு வருடம் காத்திருந்து பார்த்திருக்கிறாள்.

ரத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தலைவர் சிரித்தார். "ஒரு கையெழுத்து குறைஞ்சா என்னம்மா, தீர்மானம் நிறைவேறிடுச்சு."

ஜூன் 23

அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது?

ஜூலை 5, சனி

பன்னிரண்டு மாடுகளை விற்றோம். கோட்டா குறைந்த பிறகு அத்தனைக்கும் தீனி போட வழியில்லை. எதை அனுப்புவது என்று இவர் என்னிடம் கேட்க வேண்டியதாயிற்று. இரண்டு மாதத்தில் எங்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அதுதான். லாரி போன பிறகு கொட்டகையின் கிழக்கு வரிசை மொத்தமும் காலி. நடந்தால் எதிரொலிக்கிறது.

கயிற்றை நான் அவிழ்க்கவில்லை. இவர்தான் அவிழ்த்தார்.

ஆகஸ்ட் 9

டீச்சர் உதைத்துவிட்டது. எங்கள் மந்தையிலேயே கண்டிப்பான மாடு, அதனால்தான் அந்தப் பெயர். இவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு. எட்டு வாரம் கறவைப் பக்கமே போகக்கூடாது. ஆஸ்பத்திரியில், "இத்தனை வருஷம் கழிச்சு டீச்சர்கிட்ட அடி வாங்கறேன்" என்றார். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். பிறகு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை ஐந்து மணிக்குக் கொட்டகை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் நாத்தனார். பாதி வரிசைக்குக் கறவை மெஷினை மாட்டி முடித்திருந்தாள்.

"அண்ணனுக்காக வந்தேன்" என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

மீதி வரிசைக்கு நான் மாட்டினேன். ஒன்றரை மணி நேரம். கறந்து முடித்ததும் கிளம்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 17

ஒரு வாரமாக வருகிறாள். இன்று சொல்லிவிட்டேன். மடி கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல். பட்டியல், நான்காவது பெயர், என் ஐந்து கையெழுத்து.

அவள் கை நின்றது. "எனக்குத் தெரியுமே. வருஷா வருஷம் லெட்டர் வரும், அடியில உங்க கையெழுத்து இருக்கும். தெரிஞ்சுதான் போடுறீங்கன்னு நெனச்சேன்."

"படிக்காம போட்டேன்."

அவள் துணியை வாளியில் பிழிந்துபோட்டாள். "தெரிஞ்சு போட்டிருந்தாக்கூட, என்னை ஒரு ஆளா நெனச்சுத் தடுத்திருக்கீங்கன்னு இருந்திருக்கும்."



ஆகஸ்ட் 30

ஊருக்குள் கடைக்குப் போனேன். நாத்தனாரின் சீஸ் இருந்த தட்டில் இப்போது வெளிநாட்டு சீஸ், நான்கு வகை, பளபளவென்று. அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவளே பார்த்துவிட்டிருக்கிறாள். "கதவு திறந்தா நானும் வெளிய போய் விக்கலாம்னு நெனச்சேன் அண்ணி. அங்க போய்ச் சேர கேக்குற சர்டிஃபிகேட்டெல்லாம் பார்த்தேன். ஒன்பது மாட்டுக்காரிக்கு இல்ல, ஒன்பதாயிரம் மாட்டுக்காரனுக்கு வெச்ச கதவு அது."

அவள் மாடுகளில் ஒன்றுகூட இன்னும் விற்கவில்லை. கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கறவையை நிறுத்தி, சும்மா தீனி போட்டு வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 3

நாத்தனாரிடம், கிழக்கு வரிசை காலியாக இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"யோசிக்கணும்" என்றாள். "தர்மம்னா வேண்டாம்."

"தர்மம் இல்ல. பண்ணை உரிமத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கும். இருக்கிற கோட்டாவை ரெண்டு பேரும் சேர்ந்து நிரப்பணும். உன் சீஸ் அறைக்கும் அதுல இருந்துதான் பால்."

கட்டில்லாத கையால் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த இவர், கலக்குவதை நிறுத்தவே இல்லை. அந்தத் தேநீரில் சர்க்கரையே போடவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாத்தனார் சம்மதித்துவிட்டாள். கூட்டு உரிமத்துக்குக் குழுதான் ஒப்புதல் தர வேண்டும். என் விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன்.

தலைவருக்கு முகம் மாறிவிட்டது. "உங்க கோட்டாவே குறைஞ்சு கிடக்கு. இதுல சட்டத்தை மீறினவங்களுக்குப் பங்கா? மத்தவங்க என்ன நெனைப்பாங்க?"

"படிச்சிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அப்புறம் என்ன வேணா நெனைக்கட்டும்."

வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். ஒப்புதல் கிடைக்காவிட்டால்? அவள் ஒன்பது மாடுகளும் போய்விடும். என் பேச்சுக்கு இனி அங்கே மதிப்பும் இருக்காது.

அக்டோபர் 7

மூன்று வாரம் ஆகிறது, ஒரு தகவலும் இல்லை. இவருக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். நாத்தனார் நாளையிலிருந்து வர வேண்டியதில்லை.

அக்டோபர் 8

வந்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

ஒப்புதல் வந்துவிட்டது. நான்குக்கு மூன்று. ஒரே ஓட்டு வித்தியாசம். அபராதமாக சீஸ் அறைக்கு மட்டும் இன்னும் நான்கு மாதம் சீல் இருக்கும். நாத்தனார் கடிதத்தை இரண்டு முறை படித்தாள், மூன்றாம் முறை சத்தமாகப் படித்தாள், பிறகு கொட்டகைக்குப் போய்த் தீனித் தொட்டி கழுவ ஆரம்பித்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டாவது ஒப்பந்தம் வரப்போகிறதாம். டிசம்பரில் மறுபடி கருத்துக் கேட்பு. தலைவர் போன் செய்தார். பழையதையெல்லாம் மறந்துவிட வேண்டுமாம். போன தடவை மாதிரி ஒரு பேச்சு வேண்டுமாம்.

"ரெண்டு பேர் வர்றோம்" என்றேன். "ஒரே பேச்சு."

மதியம் முழுக்க அவளும் நானும் மேஜையில் உட்கார்ந்து எழுதினோம். கதவை இதற்கு மேல் திறக்கக்கூடாது என்பது முதல் பத்தி. அதற்கு அவள் ஒத்துக்கொள்ளவே ஒரு மணி நேரம். உள்ளே இருக்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் புதியவர்களுக்கு இடம் விட வேண்டும் என்பது இரண்டாவது. கோட்டாவில் நூற்றுக்கு ஐந்து என்கிறாள். நான் இரண்டு என்கிறேன். ஐந்து என்றால் சின்னப் பண்ணைகள் தாங்காது என்று சொன்னால், "எப்பவும் உள்ள இருக்கிறவங்க கணக்குதான் உங்களுக்கு" என்கிறாள். நான் பேனாவை வைத்துவிட்டேன். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இவர் எட்டிப் பார்த்து, சண்டை என்று தெரிந்ததும் நிம்மதியாகப் போய்விட்டார்.

கறவைக்கு நேரமானதும் இரண்டு பேரும் எழுந்தோம். மூன்றரை போடலாமா என்று நடக்கும்போது கேட்டேன். நாலு என்றாள்.